பழைய எண் 27, புது எண் 41

ஆறாவது வார்டில் அவளுக்கு 'மீட்டர் அக்கா' என்றுதான் பெயர். வாக்காளர் பட்டியலில் இருக்கிற பெயரைச் சொன்னால் "அது யாருங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். இருபத்தோரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு சரி என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி.

அந்த வேலையை விட்டுவிட்டு நகரசபைத் தேர்தலுக்கு அவள் மனு போட்டதையும், "உனக்கு ஏன்கா இந்த வேண்டாத வேலை?" என்று குதித்த தம்பியே கடைசியில் அவளுக்கு நோட்டீஸ் அடித்துத் தர ஒப்புக்கொண்டதையும் போன வாரம் பார்த்தோம்.

ஓட்டுப்போட இன்னும் பன்னிரண்டு நாள். இன்றைக்கு மாலை நான்கு மணிக்கு நூலகக் கூடத்தில் மூன்று வேட்பாளர்களும் வார்டு ஜனங்கள் முன்னால் நின்று பேச வேண்டும். கேட்கிற கேள்விக்குப் பதிலும் சொல்ல வேண்டும்.

காலை எட்டு மணிக்கெல்லாம் தம்பி நோட்டீஸ் கட்டோடு வந்துவிட்டான். போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். எதிலும் படம் இருந்தால்தான் அவனுக்குத் திருப்தி.

"மை இன்னும் காயலக்கா. பாத்து எடு."

மேலே அவளுடைய படம். அதற்குக் கீழே அவள் சொல்லிக் கொடுத்த மூன்று வரிகள்: 'ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே எண். ஒவ்வொரு தெருமுனையிலும் எரிகிற விளக்கு. மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும் மருத்துவ நிலையம்.'

அதற்கும் கீழே, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் நோட்டீஸைக் கீழே வைத்தாள். "இவர் படத்தைப் போடச் சொன்னது யாரு?"

"என்னக்கா இப்படிக் கேக்குற? போற எடமெல்லாம் மச்சான் கதையைத்தானே சொல்ற. சொன்னா ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுடுவாங்க. முகத்தைப் பாத்தா மறக்க மாட்டாங்க."

"வாயால சொல்றது வேற, படம் போடுறது வேற. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டான்" என்றது வாசலில் ஒரு குரல்.

தங்கை நின்றுகொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளைத் தூள் போவதில்லை. அவள் கையிலும் ஒரு நோட்டீஸ் இருந்தது. புருஷன் முகத்தில் மடிப்பு விழாமல் பார்த்து மடித்திருந்தாள்.

வார்டில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்த அவரை 'ஃப்ரிட்ஜ்காரர்' என்பார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் ஆறு நிமிடத்தில் தெருவுக்குள் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது முப்பத்தோராவது நிமிடத்தில்.

"நல்ல படம்தான்" என்றாள் தங்கை. "அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வெச்சிட்டு நில்லுங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேன். கேட்டாத்தானே."

"உனக்குக் கஷ்டமா இருந்தா வேணாம். வேற அடிக்கச் சொல்றேன்."

"இருக்கட்டும்கா. ஊர்ல எத்தனை வீட்டு ஃப்ரிட்ஜைத் தொட்டிருப்பாரு. ஒரு வீட்டுலயாவது பாதியில விட்டுட்டு வந்திருப்பாரா? போனதுக்கப்புறமும் அவரால நாலு பேருக்கு நல்லது நடக்கட்டும்." கொஞ்சம் தயங்கி, "அரை நாள் லீவு போட்டிருக்கேன். முன் வரிசையில உக்காந்துக்கறேன். அவரைப் பத்திப் பேசும்போது என்னைக் காட்டு. எழுந்து நிக்கறேன்" என்றாள்.

நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்காதவள் தங்கை. புருஷன் செத்த வீட்டில்கூட ஓலமிட்டு அழாதவள். அவள் எழுந்து நிற்கிறேன் என்கிறாள்.

அக்காவுக்கு ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஆறிப்போன டீயோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.

"ரேடியோதான் வர மாட்டேங்குது. நீ வந்து கூப்பிட்டுப் பாரேன். உன் பேச்சைக் கேப்பா" என்றாள் தங்கை.

*

'ரேடியோ' தங்கையின் ஒரே மகள். பதினேழு வயது. மூன்று வயதில் வாயைத் திறந்தவள் தூங்கினால்தான் மூடுவாள் என்பதால் அப்பா வைத்த பெயர். அப்பா போனதிலிருந்து அந்த வாய்க்குப் பூட்டு விழுந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மீட்டர் அக்கா போனபோது அவள் அப்பாவின் வேலை மேசையில் புத்தகத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் வைக்கிற இடத்தில் பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர்கள் மூன்று அப்படியே கிடந்தன. அவற்றை எடைக்குப் போட அம்மாவுக்கும் மனசில்லை, மகளுக்கும் மனசில்லை.

"கிளம்புடி ரேடியோ. எனக்குக் கைதட்ட ஆள் வேண்டாமா?"

"பரீட்சை இருக்கு பெரியம்மா."

"பரீட்சை அடுத்த மாசம்னு உங்கம்மா சொன்னா."

அவள் பென்சிலால் புத்தகத்தின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அங்க அப்பாவைப் பத்திப் பேசுவீங்க, இல்ல?"

"பேசுவேன்."

"நம்பர் குழப்பத்துல ஆம்புலன்ஸ் சுத்துச்சுன்னு சொல்லுவீங்க."

"ஆமா. அதுதானே நடந்தது."

"நம்பரைத் தப்பா சொன்னது யாருன்னும் சொல்லுவீங்களா?"

பெரியம்மா பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நான்தான் போன் பண்ணேன் பெரியம்மா. அப்பா நெஞ்சை அம்மா அழுத்திட்டு இருந்தாங்க. தெரு பேரைச் சொல்லிட்டேன். வீட்டு நம்பர் என்னம்மான்னு ஆம்புலன்ஸ் ஆபீஸ் பொம்பளை கேட்டாங்க. எனக்கு எங்க வீட்டு நம்பரே மறந்துபோச்சு. வெளிய ஓடி வந்து செவுத்தைப் பாத்தேன். இருபத்தேழுன்னு பெயின்ட்ல எழுதியிருந்துச்சு. இருபத்தேழுன்னு சொன்னேன்."

"ரேடியோ..."

"புது நம்பர் நாற்பத்தொண்ணுன்னு லெட்டர் வந்துச்சே. அம்மா ஃப்ரிட்ஜ் கதவுலதான் ஒட்டி வெச்சிருந்தாங்க. தண்ணி எடுக்கும்போதெல்லாம் அதைப் பாத்திருக்கேன். அன்னைக்கு மட்டும் வாயில வரல. வண்டி புது இருபத்தேழுக்குப் போயிருச்சு. ரயில்வே கேட் தாண்டி, தெருவோட அந்தப் பக்கம். திரும்பி வரும்போது கேட்டை மூடிட்டாங்க." அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "அம்மாகிட்ட இதைச் சொன்னதே இல்ல. அம்மாவும் கேட்டதில்ல. நீங்க மைக்ல சொல்ற ஒவ்வொரு வாட்டியும் எனக்கு என்னைச் சொல்ற மாதிரியே இருக்கு."

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீட்டர் அக்கா இதுவரை யாரிடமும் சொல்லாதது அது.

தெருவுக்குத் தெரு வீட்டு எண்களை மாற்றியபோது நகரசபை புது எண் தகடுகளைச் செய்து அனுப்பியது. நீல நிறத் தகடுகள். அந்தத் தெருவுக்கான அறுபத்திரண்டு தகடுகளும் கம்பியில் கோத்த கட்டாக அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. மீட்டர் பார்க்கிறவர்களே சுவரில் அடித்துவிட வேண்டும் என்று உத்தரவு. அந்தக் கட்டு எட்டு மாதம் ஒரு மேசைக்கு அடியில் கிடந்தது. அந்த மேசை அவளுடையது.

அதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. எதிரே ஒரு பெண் குழந்தை, செய்யாத குற்றத்துக்கு ஒன்றரை வருடமாகத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

"அப்படியெல்லாம் நெனைக்கக் கூடாதுடி" என்றாள் பெரியம்மா. அவ்வளவுதான் சொன்னாள். தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

தெருவில் நடக்கும்போது 'நீ எல்லாம் ஒரு மனுஷியா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

*

நூலகக் கூடத்தில் நாற்காலி போதாமல், பத்திரிகை அலமாரிகளை ஒட்டி ஜனங்கள் நின்றார்கள். நூலகர் மேசைமேல் ஒரு மணியை வைத்துக்கொண்டு, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

முதலில் பேசியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மூன்று தடவை மணி அடித்தும் அவர் முன்னுரையைத் தாண்டவில்லை. "சார், பெல் அடிச்சாச்சு, வீட்டுக்கு விடுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு பழைய மாணவர் குரல் கொடுக்க, கூடமே சிரித்தது.

அடுத்தவர் மருந்துக்கடைக்காரர். இரண்டு முறை கவுன்சிலராக இருந்தவர். மென்மையான ஆள். போட்ட சாலைகளைப் பற்றிச் சொல்லிவிட்டு, போடாத சாலைகளுக்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மீட்டர் அக்கா எழுந்தாள்.

"எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. குனிஞ்சு, மீட்டர் குழி மூடியைத் தூக்கி, நம்பர் பாத்துத்தான் பழக்கம். குனிஞ்சு குனிஞ்சே உங்க எல்லாரையும் தெரிஞ்சுக்கிட்டேன். எந்த வீட்டுல குழாய் ஒழுகுது, எந்த வீட்டுல ஆம்பளை வேலைக்குப் போகல, எந்த வீட்டுல வயசான மனுஷி தனியா இருக்காங்க... எல்லாம் தெரியும்."

முதலில் தெருவிளக்கைப் பற்றிச் சொன்னாள். மூன்று மணிக்கே பூட்டிவிடுகிற மருத்துவ நிலையத்தைப் பற்றிச் சொன்னாள். வேலைக்குப் போகிறவர்களுக்குக் காய்ச்சல் மூன்று மணிக்குள்ளேயா வரும் என்று கேட்டபோது கைதட்டினார்கள். பிறகு வீட்டு எண்களுக்கு வந்தாள். ஃப்ரிட்ஜ்காரரைச் சொன்னாள்.

தங்கை தானாகவே எழுந்து நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். யாரோ ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வாசல் ஓரத்து அலமாரி பக்கம் பார்த்தால் ரேடியோ நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

கேள்வி நேரம் வந்தது. நடு வரிசையிலிருந்து மருந்துக்கடைக்காரரின் மைத்துனர் எழுந்தார்.

"எல்லாம் உருக்கமாத்தான் இருக்கு. நகரசபை மேல பழியைப் போடுறீங்க. ஆம்புலன்ஸ் ஆபீஸ்ல விசாரிச்சோம். புது நம்பர் அவங்க கம்ப்யூட்டர்ல சரியாத்தான் இருந்திருக்கு. போன் பண்ணவங்கதான் தப்பான நம்பரைச் சொல்லியிருக்காங்க. அது யாருங்க? உங்க வீட்டு ஆளா?"

மருந்துக்கடைக்காரர் முகம் சுருங்கியது. "உக்காருப்பா, என்ன கேள்வி இது?" என்று முணுமுணுத்தார்.

வாசல் ஓரத்தில் ரேடியோ அலமாரியை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள்.

"நான் சொல்றேன்" என்றாள் மீட்டர் அக்கா, முந்திக்கொண்டு. மைக் கிறீச்சிட்டது. "போன் பண்ணது ஒரு குழந்தை. அப்பா தரையில கெடக்குறாரு. அது வெளிய ஓடி வந்து செவுத்துல என்ன நம்பர் இருக்கோ அதைப் படிச்சுச்சு. சரியாத்தான் படிச்சுச்சு. தப்பு செவுத்துல இருந்தது."

"அப்போ நகரசபை தகடு அனுப்பலைன்னு சொல்றீங்க..." என்று இழுத்தார் மைத்துனர்.

"தகடு வந்திருச்சுங்க. எங்க ஆபீஸுக்கு வந்து எட்டு மாசம் ஆகியிருந்தது. என் மேசைக்கு அடியில கெடந்தது. தினமும் என் கால் அதுல இடிக்கும்."

மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"நாங்க மீட்டர் பாக்குறவங்க, ஆணி அடிக்கிறவங்க இல்லன்னு சங்கத்துல தீர்மானம் போட்டோம். செயலாளர் நான்தான். ஏணி தரல, டிரில் தரல, ஆள் தரல. எங்க பக்கம் நியாயம் இருந்தது. அந்தச் சண்டையிலதான் எனக்கு இவ்வளவு பேரு கெடச்சது. இன்னைக்கு இந்த மேடையில நிக்கறதே அந்தப் பேராலதான். ஆனா அது என் தங்கச்சி தெரு. ஒரு ஞாயித்துக்கிழமை நானே போய் அடிச்சிருக்கலாம். விட்டுக்கொடுத்தா மானம் போயிடும்னு நெனைச்சேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச மாதிரி ஒன்றரை வருஷமா மறைச்சிட்டு, நகரசபை, நகரசபைன்னு பேசிட்டுத் திரிஞ்சேன். அந்தக் குழந்தையை யாரும் கேக்காதீங்க. என்னைக் கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. முன் வரிசையில், இன்னும் நின்றுகொண்டே இருந்த தங்கை மட்டும் கேட்டாள்.

"எட்டு மாசமாவா?"

"ஆமாம்மா."

தங்கை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடு வழியில் நடந்தாள். ஜனங்கள் காலை மடக்கி வழி விட்டார்கள்.

*

"தேர்தலுக்கு நிக்கிறியா, பாவமன்னிப்புக்கு நிக்கிறியா?" வெளியே சைக்கிள் நிறுத்தத்தில் தம்பி பொரிந்து தள்ளினான். "இனிமே உனக்கு யாருக்கா ஓட்டுப் போடுவான்? ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா?" பிறகு அவன் குரலே உடைந்தது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "அந்தக் கேள்வியை நான் கேக்கச் சொல்லலம்மா. நம்பினா நம்புங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தகடு இன்னும் அடிக்கலன்னு கவுன்சிலருக்கும் ஒரு கடுதாசி வந்துச்சு. எனக்குத்தான். படிச்சேனான்னுகூட ஞாபகம் இல்ல." அதற்கு மேல் நிற்காமல் போய்விட்டார்.

எதிரே பஸ் நிறுத்தத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். மீட்டர் அக்கா சாலையைக் கடந்தாள். கிட்டே போய்ச் சேருமுன் பின்னாலிருந்து யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். ரேடியோ.

"அப்போ நான் இல்லையா பெரியம்மா?"

"நீ இல்லடி கண்ணு. நீ இல்லவே இல்ல."

அந்தப் பெண் நடுத்தெருவில் அழுதாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அழாதவள், எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதாள். தங்கை பதறி எழுந்து வந்தாள்.

"என்னடி இல்ல? நீ என்ன பண்ணே?"

"நான்தான் அப்பாவைக் கொன்னுட்டேன்னு நெனைச்சிட்டு இருந்தேன்மா. இருபத்தேழுன்னு சொல்லிட்டேன்மா."

தங்கை மகளையே பார்த்தாள். ஒரே வீட்டில், ஒரே விளக்கு வெளிச்சத்தில், ஒன்றரை வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட பெண். மகளின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்தத் தோளுக்கு மேலாக அக்காவைப் பார்த்தாள்.

"அவர் போன மூணாம் நாள் நீ ஏணி தூக்கிட்டு வந்து எங்க வீட்டுல அந்தத் தகட்டை அடிச்சே. நான்தான் கீழ நின்னு ஏணியைப் பிடிச்சுக்கிட்டேன். எங்கக்கா மாதிரி யாருக்கு இருக்கான்னு பக்கத்து வீட்டுல சொன்னேன்."

தங்கை மகளின் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

"தேர்தல்ல நில்லு" என்றாள் தங்கை. "பாதியில விட்டுட்டு ஓடாதே. ஜெயிச்சு, நோட்டீஸ்ல போட்டியே, அந்த மூணையும் செஞ்சுடு. நானும் உனக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஆனா அவர் படத்தை எடுத்துடு. எங்க வீட்டு வாசலுக்கு வராதே."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலக்கா. நெஜமாவே தெரியல."

பஸ் வந்தது. தாயும் மகளும் ஏறினார்கள். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்துகொண்டாள். ரேடியோதான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். கண் சிவந்திருந்தது.

"பெரியம்மா! நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க? நோட்டீஸ் குடுக்க நானும் வரட்டுமா?"

அம்மா மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பெரியம்மா பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

தம்பி மெல்ல அருகில் வந்து நின்றான். நோட்டீஸ் கட்டை அக்குளில் இடுக்கியிருந்தான். படத்தை எடுக்கச் சொன்னது அவன் காதிலும் விழுந்திருந்தது.

"புதுசா அடிச்சிடறேன்" என்றான். நோட்டீஸ் கொடுக்கப் போகிற தெருக்களின் பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டு இழுத்தான். "நாளைக்குக் காலையில... அவங்க தெருதான்கா வருது. தள்ளி வெச்சுக்கலாமா?"

"வேண்டாம். அங்கயே போவோம்."

"அறுபத்திரண்டு வீட்டுக்குமா?"

பஸ் திரும்பி மறைந்த முனையை அவள் பார்த்தாள்.

"அறுபத்தொண்ணு" என்றாள்.